முன்வரிசைக்கு வா, மகளே

மகளே, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வா.

நீ ஏன் அங்கே போய் உட்காருகிறாய் என்று எனக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு. இந்த மாதம் திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் முன்னே வரலாம் என்று ஐயர் அழைக்கிறார். பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட வேட்டியுமாகத் தம்பதிகள் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு வரிசையாக நிற்கிறார்கள். சபை எழுந்து பாடுகிறது. உன் திருமண நாளும் இதே மாதம்தான். அது உனக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கிற அத்தைக்கும் தெரியும். நீ குனிந்து பாமாலைப் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் பக்கங்களைப் புரட்டுகிறாய். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிடுகிறாய். தாலி இருந்த இடம் யார் கண்ணிலும் படக்கூடாது. ஆசீர்வாதம் முடிகிற நேரத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுகிறாய். இரண்டு நிமிடம் நின்றால், "வீட்டுக்காரர் வந்தாராம்மா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இந்த ஓட்டம் இன்றோடு நிற்கட்டும்.

நான் விவாகரத்துக்குக் கொடி பிடிக்க வரவில்லை. திருமணம் பரிசுத்தமானது என்று முழு மனதோடு நம்புகிறவள் நான். பீடத்தின் முன் இரண்டு பேர் கைபிடித்துச் செய்யும் உடன்படிக்கை விளையாட்டல்ல. மாமியார் ஒரு வார்த்தை சொன்னார், சம்பளக் கணக்கில் சண்டை வந்தது, போனைக் காட்டவில்லை என்று வக்கீல் வீட்டுப் படி ஏறுகிறவர்களிடம், திரும்பிப் போய் உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் சொல்வேன். ஆறப்போட்டால் ஆறுகிற சண்டைகள் உண்டு. நல்ல ஆலோசகர் ஒருவர் ஆறு மாதம் கூட இருந்தால் பிழைத்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. நான் பேசுவது அவர்களைப் பற்றியல்ல. அடிபட்டு வந்தவளிடம் பேசுகிறேன். ஏமாற்றப்பட்டவளிடம் பேசுகிறேன். எல்லாம் செய்து பார்த்து, முழங்காலில் நின்று, உபவாசம் இருந்து, பெரியவர்களைக் கூட்டிப் பேசி, அதற்குப் பிறகும் தனியாக விடப்பட்டவளிடம் பேசுகிறேன்.

உன்னிடம் எல்லோரும் ஒரு வசனத்தைச் சொல்லியிருப்பார்கள். தேவன் இணைத்ததைப் பிரிக்க நீ யார் என்று கேட்டிருப்பார்கள். அந்த வார்த்தையை இயேசு யாரைப் பார்த்துச் சொன்னார்? மத்தேயு 19-ஆம் அதிகாரத்தை எடுத்து, மேலிருந்து படி. பரிசேயர்கள் வந்து கேட்கிறார்கள்: என்ன காரணத்துக்காக வேண்டுமானாலும் ஒருவன் தன் மனைவியைத் தள்ளிவிடலாமா? அது அன்றைக்கு யூத ஆசிரியர்களுக்குள் சூடாக நடந்த வாதம். ஒழுக்கக் கேடு இருந்தால் மட்டுமே தள்ளலாம் என்றது ஷம்மாயின் பள்ளி. சமையலைக் கெடுத்தாலே போதும், தள்ளலாம் என்றது ஹில்லேலின் பள்ளி. இவளைவிட அழகானவளைக் கண்டாலும் தள்ளலாம் என்று பின்னால் ரபி அகீபா சொன்னார். மிஷ்னாவில் இந்த வாதம் இன்றும் அச்சில் இருக்கிறது. தள்ளுதற்சீட்டை எழுதும் உரிமை கணவன் கையில். எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் தெருவில்.

அந்த வாதத்துக்கு நடுவில்தான் இயேசு நின்றார். குழம்புக்காக ஒரு பெண்ணைத் தூக்கி எறியாதே என்று ஆண்களைப் பார்த்துச் சொன்னார். உங்கள் இருதயம் கல்லாக இருந்ததால்தான் மோசே அந்தச் சீட்டை அனுமதித்தார் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். பெண்ணுக்குக் காவலாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை எடுத்து, அடிபடுகிற பெண்ணை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

மல்கியா இரண்டாம் அதிகாரமும் அப்படித்தான். தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அந்த வசனத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதே வசனம் கொடுமையையும் சேர்த்துக் கண்டிக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அவர்கள் பீடத்தைக் கண்ணீரால் நனைத்தும், அந்தக் காணிக்கையைக் கர்த்தர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று முந்தைய வசனங்களில் இருக்கிறது. முழுதும் படித்தால் நடுங்க வேண்டியது நீ இல்லை, மகளே.

இன்னும் பின்னால் போ. யாத்திராகமம் 21. அடிமையாக வாங்கப்பட்டு மனைவியாக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய சட்டம். அவளுக்குச் சாப்பாடு, உடுப்பு, மனைவிக்கு உரிய உறவு இம்மூன்றும் குறையக்கூடாது. குறைந்தால் அவள் பணம் எதுவும் கட்டாமல் விடுதலையாகப் போகலாம். கேட்பாரற்ற அடிமைப் பெண்ணுக்கே கர்த்தர் வாசலைத் திறந்து வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த உனக்கு அந்த வாசலைச் சாத்தியது யார்?

அப்போஸ்தலனாகிய பவுலும் பிரிவைத் தெரியாதவர் அல்ல. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏழாம் அதிகாரத்தில், சேர்ந்திருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறார். ஒப்புரவாகப் பாருங்கள் என்கிறார். ஆனால் விசுவாசமில்லாத துணை பிரிந்து போனால் போகட்டும், அந்தச் சகோதரனோ சகோதரியோ அடிமைப்பட்டவர் அல்ல, தேவன் நம்மைச் சமாதானத்துக்கு அழைத்திருக்கிறார் என்று அதே மூச்சில் சொல்கிறார். விட்டுவிட்டுப் போனவனுக்காகக் காலமெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை.

உயிருக்குப் பயந்து ஓடி வந்தது பாவமா என்று இரவில் உன்னையே கேட்டுக்கொள்கிறாய் அல்லவா? சவுலின் ஈட்டிக்குத் தப்பி ஓடின தாவீதை யாரும் விசுவாசத்தில் குறைந்தவன் என்று சொல்லவில்லை. அந்த இரவில் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டது அவன் மனைவி மீகாள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். ஏன், எடுத்த கல்லோடு யூதர்கள் நின்றபோது இயேசுவே அங்கிருந்து விலகிப் போனார். சிலுவைக்கு அவர் தம்முடைய வேளையில் போனார், ஆத்திரக்காரர்களின் வேளையில் அல்ல. குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுகிறவன் முன்னால் நின்று செத்துப் போவதற்குச் சிலுவை சுமப்பது என்று பெயர் வைக்காதே. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் போட்ட பையோடு, அதிகாலை பஸ்ஸில் ஏறி நீ வந்தாயே, அது தைரியம். கர்த்தர் கொடுத்த தைரியம்.

நம்முடைய சட்டம் உன்னைப் போன்ற பெண்களை எப்படி நடத்தியது தெரியுமா? இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வந்தது. கணவன் விவாகரத்துக் கேட்க, மனைவி விபசாரம் செய்தாள் என்பது ஒன்றே போதும். மனைவி கேட்டால் அது போதாது. விபசாரத்தோடு கொடுமையும் சேர வேண்டும், அல்லது இரண்டு வருடம் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது இன்னொரு பெரும் குற்றம் கூடவே இருக்க வேண்டும். எலும்பு முறிய அடித்தான் என்பதற்காக மட்டும் ஒரு கிறிஸ்தவப் பெண் திருமணத்தை முறித்துக்கொள்ள முடியாது. தனித்து வாழ அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து உறுதி செய்ய வேண்டும். இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது, நாம் மாற்றவில்லை. 1995-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தச் சட்டத்தின் அநியாயமான பகுதிகளை வெட்டி எறிந்தது. 2001-ல்தான் நாடாளுமன்றம் திருத்தியது. கொடுமை தனியாகவே ஒரு காரணம் ஆனது. இருவரும் சம்மதித்துப் பிரியும் 10ஏ பிரிவு வந்தது. நூற்று முப்பத்திரண்டு வருடம்! அத்தனை வருடமும் நம் பாட்டிமார் பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றிக் காயத்துக்குக் "கதவு இடித்தது" என்று சொல்லிக்கொண்டு, குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சகித்ததைப் புகழ்ந்து உன்னையும் சகிக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேறு வாசல் இருந்ததா என்று கேள். உனக்கு இருக்கிறது.

அந்த வாசலைத் தெரிந்து வைத்துக்கொள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொது. வீடு அவன் பெயரில் இருந்தாலும், அவன் அம்மா பெயரில் இருந்தாலும், நீ வாழ்ந்த வீட்டிலிருந்து உன்னை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்காதே. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அதற்காகவே நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்பது பேராசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பிள்ளைக்குப் பால் வாங்குகிற காசு அது.

நீ கத்தோலிக்கப் பெண்ணாக இருந்தால் இதையும் கேள். விவாகரத்து ஆகிவிட்டது, இனி நற்கருணை வாங்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்காகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நெஞ்சு எரிகிறது. விவாகரத்தாகி மறுமணம் செய்யாமல் இருக்கிறவர் நற்கருணையிலிருந்து விலக்கப்பட்டவர் அல்ல. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-லேயே இதைத் தெளிவாக எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், பலவீனமான துணையையும் பிள்ளைகளையும் கொடுமையிலிருந்து காக்கப் பிரிவு சில வேளைகளில் ஒழுக்கக் கடமையே ஆகிவிடும் என்று சொன்னார். திருச்சபைச் சட்டம் 1153-ஐப் படித்துப் பார்; உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து போகலாம், தாமதம் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுமணத்துக்கு மட்டும் வழி வேறு. உன் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததா என்று மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் ஆராய வேண்டும். அதையும் பிரான்சிஸ் 2015-ல் எளிதாக்கினார். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒன்றுபோல் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது ஒரு தீர்ப்பே போதும். ஆனால் தீர்ப்பாயத்தின் தாளை மட்டும் நம்பி அரசு அலுவலகத்தில் போய் நிற்காதே. அது நீதிமன்றத்தின் விவாகரத்துக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வாசலையும் தனித்தனியாகத்தான் தட்ட வேண்டும்.

இப்போது சீகாருக்கு வா. யோவான் நான்காம் அதிகாரம். நடுப்பகலில் குடத்தோடு வந்த சமாரியப் பெண். ஐந்து கணவர்கள் இருந்தார்கள், இப்போது இருக்கிறவன் கணவன் அல்ல. இதை வைத்து எத்தனை பிரசங்கங்களில் அவளை நாம் நடத்தை கெட்டவள் ஆக்கியிருக்கிறோம்! தள்ளுதற்சீட்டை எழுதுவது ஆண்களின் கையில் இருந்த காலம் அது. ஐந்து முறை அவள் விதவையாகியிருக்க வேண்டும், அல்லது தள்ளப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் மாறி மாறி நடந்திருக்க வேண்டும். ஐந்து முறை வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண். ஆறாவது ஆள் அவளுக்குத் திருமணம் என்ற மரியாதையைக்கூடக் கொடுக்கவில்லை. இயேசு அவளைத் திட்டவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்றுகூட அந்த அதிகாரத்தில் சொல்லவில்லை. அது வேறொரு பெண்ணுக்கு, வேறொரு அதிகாரத்தில் சொன்னது. இவளிடம் அவர் முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு எங்கே தொழுதுகொள்வது என்று அவள் கேட்ட பெரிய கேள்விக்கு, ஒரு ரபியிடம் பேசுவதுபோல் உட்கார்ந்து பதில் சொன்னார். தாம் மேசியா என்பதை வாய் திறந்து அவளிடம் சொன்னார். அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவள் வார்த்தையை நம்பி ஊரே கிளம்பி வந்தது. அவர் அங்கே இரண்டு நாள் தங்கினார்.

அவள் கதையை அவர் அறிந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் அவள் முன்னாலேயே சொன்னார். சொன்ன பிறகும் அவளோடு பேசிக்கொண்டே இருந்தார். உன் கதையும் அவருக்குத் தெரியும். நீ செய்த தவறு ஏதாவது உண்டென்றால் அதுவும் தெரியும். அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேள். அதற்குப் பிறகு ஊரிடம் தவணை முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்காதே.

நம் திருநெல்வேலி மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சனங்கள் சொல்லும் சின்ன ஆலயத்தைக் கட்டியது குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர். அந்தக் காரணத்துக்காகவே மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முதலில் மறுத்தார். குளோரிந்தா கோபித்துக்கொண்டு விசுவாசத்தை விட்டுவிடவில்லை. பாளையங்கோட்டையில் தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்குச் சுவிசேஷத்தைச் சொன்னார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-ல் சுவார்ட்ஸ் அந்த ஊருக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட அந்தச் சபையின் முதல் பதிவேட்டில் 40 பேர். 1785-ல் ஆலயம் எழும்பியது. அவர் விவாகரத்தானவர் அல்ல, அது வேறு கதை. ஆனால் எந்தப் பெண்ணைப் பற்றி ஊர் கிசுகிசுத்திருக்குமோ அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்துதான் அந்தச் சபை கிளம்பியது. பெரிய கோபுரங்களும் கல்லூரிகளும் கன்வென்ஷன் பந்தல்களும் அதற்குப் பிறகு வந்தவை. வாழ்க்கை சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்து உதட்டைச் சுழிக்கும் உரிமை திருநெல்வேலிக் கிறிஸ்தவர் எவருக்காவது உண்டா?

சரி, ஆறுவது எப்படி? இதில் அவசரப்படாதே. அவசரப்படுத்துகிறவர்களையும் கிட்டே சேர்க்காதே. சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலை, மெல்லிய சத்தம், புதிய வேலை எல்லாம். ஆகவே முதலில் சாப்பிடு. தூங்கு. தூக்கம் வராவிட்டால், சாகலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போ. மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மூப்பருக்குக் குறையாத விசுவாசம் உனக்கு மட்டும் ஏன் குறையும்?

அழவும் செய். பெத்லகேமுக்குத் திரும்பி வந்த நகோமி, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்நடுவே புலம்பினாள். ஸ்தோத்திரம் சொல்லு நகோமி என்று யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. உன்னோடும் அப்படி உட்கார்ந்து கேட்கிற ஒரே ஒரு பெண்ணைத் தேடிக்கொள். பத்துப் பேர் வேண்டாம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் உன் வீட்டுக் கதையை ஊர் ஊராக அனுப்பாத ஒருத்தி போதும். புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்களைக் கேட்டுப் பார். கோணலாகச் சேர்ந்துவிட்ட எலும்பு, முறிந்த எலும்பைவிட அதிகத் தொல்லை என்பார்கள். தனிமை பொறுக்காமல் ஆறே மாதத்தில் இன்னொரு கல்யாணம், பழி வாங்குவதற்காக ஒரு உறவு, கோபத்தில் பிள்ளையை அப்பாவுக்கு எதிராகத் திருப்புவது, இவையெல்லாம் அப்படித்தான் முடிகின்றன. பிள்ளையிடம் அப்பாவைத் திட்டாதே. பிள்ளையைத் தூது அனுப்பாதே. இது உன்னால் நடந்ததல்ல கண்ணு என்று ஒரு முறையல்ல, கேட்காவிட்டாலும் பல முறை சொல்.

மன்னிப்பைப் பற்றி உன்னை வெகுவாகக் குழப்பியிருப்பார்கள். மன்னித்துவிட்டாயானால் ஏன் திரும்பிப் போகவில்லை என்பார்கள். யோசேப்பைப் பார். தன்னைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மார் எகிப்தில் வந்து காலில் விழுந்த அன்றே அவன் கட்டிப் பிடிக்கவில்லை. தனியாகப் போய் அழுதான். திரும்பி வந்து அவர்களைச் சோதித்தான். பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, தன்னைக் கைவிட்ட அதே சூழ்நிலையை மறுபடியும் அவர்கள் முன்னால் நிறுத்தினான். இந்த முறையும் தம்பியை விட்டுவிட்டு ஓடுவார்களா? யூதா முன்னே வந்து, பையனை விடுங்கள், நான் அடிமையாக இருக்கிறேன் என்றான். அப்போதுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான். கசப்பை விடுவதற்கு ஒரு இரவு போதலாம். நம்பிக்கை திரும்ப வருவதற்கு அவன் மாறியதற்கான சாட்சி வேண்டும். கன்வென்ஷன் கூட்டத்தில் கை தூக்கினான், ரட்சிக்கப்பட்டுவிட்டான் என்று வந்து சொல்கிறார்களா? சந்தோஷம். குடி மறக்கும் சிகிச்சைக்குப் போனானா? மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறானா? செய்ததை உன் பெற்றோர் முன்னால் வாய் திறந்து ஒப்புக்கொண்டானா? ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கச் சம்மதிக்கிறானா? இந்தக் கேள்விகளைக் கேட்கிற உரிமை உனக்கு உண்டு. கேட்டதற்குக் கோபப்பட்டான் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

தம்பிமாரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மனைவி விட்டுப் போன ஆண் எவரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் வெந்து போகிறான் என்று எனக்குத் தெரியும். ஆம்பளை அழலாமா என்று ஊர் கேட்கும். தாவீது அழுதான், பேதுரு அழுதான், அழுங்கள். பாட்டிலிடம் மட்டும் போகாதீர்கள். ஆனால் நீங்களே உடைத்தவராக இருந்தால், சகேயுவின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மனந்திரும்பியது பணத்தில் தெரிந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், அன்றைக்குத்தான் இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். பிள்ளைக்கு நீதிமன்றம் சொன்ன தொகையைப் பாக்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்துச் சாட்சி சொல்லாதீர்கள். சீதனமாக வந்த நகையை அடகில் மூழ்கவிட்டுவிட்டு ஆலயத்துக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஐயர்மாரே, மூப்பர்மாரே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரே! உங்கள் முன்னால் ஒரு பெண் உதட்டில் தையலோடு வந்து நின்றால், முதல் கேள்வி "நீ என்னம்மா சொன்னே?" என்று வரக்கூடாது. "இன்றைக்கு ராத்திரி எங்கே தங்குவாய்?" என்று வர வேண்டும். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தோடு புத்தகத்தை மூடாதீர்கள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வது அதற்கு முந்தைய வசனம், கிறிஸ்து சபைக்காக உயிர் கொடுத்ததுபோல் கணவன் அன்புகூரச் சொல்வது அடுத்து வருவது. திருமண நாள் ஜெபத்துக்குத் தம்பதிகளை அழையுங்கள், அது அழகான வழக்கம். அதே ஆராதனையில் தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்காகவும், விதவைகளுக்காகவும், கைவிடப்பட்டவர்களுக்காகவும் பெயர் சொல்லி வெட்கப்படுத்தாமல் ஒரு ஜெபம் பண்ணுங்கள். விவாகரத்தானவள் என்பதற்காக ஞாயிறு பள்ளி வகுப்பைப் பிடுங்காதீர்கள், பாடகர் குழுவிலிருந்து மெதுவாக ஒதுக்காதீர்கள். அசனப் பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மகளே, உனக்கு வேலை இருந்தால் விடாதே. இல்லாவிட்டால் தேடு; தையலோ, டீச்சர் டிரெயினிங்கோ, நர்சிங்கோ, பாதியில் நின்ற டிகிரியோ, எதுவானாலும் இந்த வருடமே பீஸ் கட்டு. உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திற. வாய்தா தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வை. நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து போ. விவாகரத்து உன் வாழ்க்கையில் நடந்தது, மகளே. உன் வாழ்க்கையே அதுவாகிவிடவில்லை. மறுமணம் என்று ஒரு நாள் வந்தால், பயத்தினால் அல்லாமல் நன்றாக யோசித்து, உன் சபையின் ஒழுங்கைக் கேட்டுத் தெரிந்து முடிவெடு. வராவிட்டாலும் நீ பாதி மனுஷியல்ல. பவுல் தனியாகத்தான் வாழ்ந்தார். ஆண்டவரும் அப்படித்தான்.

கடைசியாக, மகளைக் கட்டிக் கொடுத்த அப்பாமாரே, அம்மாமாரே. உங்களிடம்தான் எனக்கு அதிக வழக்கு இருக்கிறது. அவள் முதல் முறை அழுது போன் பண்ணியபோது, அனுசரிச்சுப் போம்மா என்றீர்கள். இரண்டாம் முறை, தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றீர்கள். மூன்றாம் முறை வீட்டுக்கே வந்தவளை, ஊர் என்ன சொல்லும் என்று இரண்டே நாளில் அண்ணனைக் கூட அனுப்பித் திரும்பக் கொண்டு விட்டீர்கள். கல்யாணத்துக்குப் போட்ட நூறு பவுனைவிட, "எப்ப வேணும்னாலும் வா, உன் அறை அப்படியே இருக்கு" என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்கு உண்மையான சீதனம். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இப்போதே அவளுக்குப் போன் போடுங்கள். மருமகன் பக்கத்தில் இருந்தால் அவளால் பேச முடியாது. அவன் வேலைக்குப் போகும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உன்னை அடிக்கிறானா என்றும் கேளுங்கள், அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். ஆமாம் என்றால், அவள் வர வேண்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.